ஹோம் சிக்னலில் நின்ற ஏழே முக்கால் வண்டி

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் மலர் போடுகிறார்கள். ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. எட்டாவதோடு நின்றவன். முப்பத்து மூன்று வருடம் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அதில் நான் அதிகம் எழுதியது என் கையெழுத்தைத்தான்.

முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டார்கள். திருப்பூருக்கு இன்னொரு புறநகர் ரயில் பாதை வருகிறதாம். சர்வே ஆட்கள் டீக்கடைக்கு வந்தார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. நான் ஒருவரிடம் கேட்டேன்.

“இப்ப ஓடுற லோக்கல் வண்டி என்ன ஆகுமுங்க?”

“அது பாட்டுக்கு ஓடும் பெரியவரே. இது தனி, அது தனி.”

“எங்க வந்து சேருமுங்க ரெண்டும்?”

அவர் டீயைக் குடித்தார்.  அன்று சாயங்காலம் சங்கத்துக்குப் போய் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசி ஐந்து வருடம் நான் வேலை பார்த்தது திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். இன்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சங்கடம்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். சங்கத்து ஆட்களுக்குத் தெரியும், வீட்டில் படிப்பவர்களுக்குத் தெரியாது. வண்டி வரும்போது பாயிண்ட்ஸ்மேன் பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும். சக்கரம் புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிப் பெட்டியின் முதுகில் பெருக்கல் குறி இருக்கும். அதைக் கண்ணால் பார்த்து, ‘வண்டி முழுசா வந்துருச்சுங்க’ என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொல்லக்கூடாது. பாதி வண்டி வழியில் கழன்று நின்றிருந்தால், அதன் மேல் அடுத்த வண்டி வந்து மோதும். பயிற்சியில் சில வாரம் என்னென்னவோ சொன்னார்கள். எனக்குத் தங்கியது இது ஒன்றுதான். பார்த்ததைச் சொல், பார்க்காததைச் சொல்லாதே.

ஸ்டேஷன் மாஸ்டர் செல்வராஜ் சார். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சத்தம் போட மாட்டார். சத்தம் போடாத ஆளிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு. போடுகிற ஆள் போட்டுவிட்டுப் போய்விடுவான். போடாத ஆள் எங்கே எழுதி வைக்கிறான் என்று தெரியாது.

அவர் எழுதவும் செய்வார். காதில் ஒரு பென்சில் இருக்கும். வண்டி வந்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் குறிப்பார். நான் வந்து வண்டி முழுசா வந்தது என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்துப் புத்தகத்தில் எழுதுவார். எனக்கு அது பிடிக்கவில்லை. அழிக்க முடிகிற எழுத்தை எதற்கு எழுத வேண்டும்?

ஒரு மழை நாள். பாதை பிரிகிற இடத்தில் பாயிண்ட் மோட்டார் வேலை செய்யவில்லை. கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் தண்டவாளத்தை நகர்த்த வேண்டும். சாவியும் கைப்பிடியும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருக்கும் போனில் அவர்.

“அண்ணாச்சி, எந்த பாயிண்ட்?”

“பதினேழுங்க.”

“எந்தப் பக்கம் திருப்பணும்?”

“பக்கத்துப் பாதைக்குங்க, லூப்புக்கு.”

“திருப்பிட்டு என்ன செய்வீங்க?”

“கிளாம்ப் போட்டு, பூட்டுப் போட்டு, சாவியக் கையில வெச்சுக்குவனுங்க.”

“இப்ப முதல்ல இருந்து நீங்களே ஒருக்கா சொல்லுங்க.”

மழையில் நனைந்துகொண்டு நிற்கிறேன். “இருவத்தெட்டு வருசமா திருப்பறனுங்க” என்றேன்.

“அதான் கேக்கேன். புது ஆளு பயந்து செய்வான்.”

சொன்னேன். பிறகுதான் விட்டார். என்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

இனி வண்டியைப் பற்றி. ஏழே முக்கால் வண்டி என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சின்னச் சின்ன நிறுத்தங்களில் எல்லாம் நின்று, ஏழே முக்காலுக்கு எங்கள் ஸ்டேஷனுக்கு வரும். எட்டு ஐந்துக்குத் திருப்பூர். பனியன் கம்பெனி ஆட்களின் வண்டி. கட்டிங், செக்கிங், பேக்கிங், டெய்லர் எல்லாரும் அதில்தான். எட்டரைக்குக் கம்பெனி. நடந்து போக, ஒரு டீ குடிக்க, சரியாக இருக்கும்.

என் மனைவி மல்லிகா அந்த வண்டியில்தான் போவாள். ஓவர்லாக் டெய்லர். எங்கள் ஊர் என் ஸ்டேஷனுக்கு முந்தின நிறுத்தம். நான் ஆறு மணிக்கே டூட்டிக்குப் போய்விடுவேன். அவள் ஏழரைக்கு ஏறுவாள். என் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்போது மூன்றாவது பெட்டி ஜன்னலில் தெரிவாள். நான் கொடி பிடித்துக்கொண்டு நிற்பேன். பேச மாட்டோம்.

கம்பெனியில் லைன் என்பார்கள். ஒரு டீசர்ட் மெஷின் மெஷினாக நகர்ந்து போகும். நடுவில் ஒரு மெஷினில் ஆள் இல்லையென்றால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் சும்மா உட்கார வேண்டும். அதனால் சூப்பர்வைசர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். எட்டரைக்கு ஆள் இல்லாவிட்டால் வேறு ஆளை உட்கார வைப்பார். நாலு தடவை அப்படி ஆனால் மெஷின் அந்த ஆளுடையது. இடம் போனவள் சம்பளம் குறைந்த கைமடி வேலைக்கு, துணி மடித்துக் கொடுக்க, போக வேண்டியதுதான். பதினாறு வருடமாக ஒரே மெஷினில் தைத்தவள் மல்லிகா. அதன் சத்தம் மாறினால் அவளுக்குத் தெரியும். எனக்குச் சக்கரச் சத்தம் தெரிகிற மாதிரி.

புதுப் பாதை வந்தது. தனிப் பாதை, புறநகர் வண்டிக்கு மட்டும் என்றார்கள். தனிதான், எங்கள் ஸ்டேஷன் வரைக்கும். அதற்கு மேலே நிலம் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் ஸ்டேஷனில் பழைய பாதையோடு சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து திருப்பூர் வரை இரண்டுக்கும் ஒரே தண்டவாளம். பிளாட்பாரமும் ஒன்றுதான். இரண்டு வண்டி ஒரு வாசலில் வந்து நிற்கும். யார் முதலில் போவது?

எந்த வண்டி முதலில் என்று முடிவு செய்கிற கண்ட்ரோல் ஆபீசில் இருந்து போன் வரும். புது வண்டி முதலில். எல்லா நாளும் அதுதான். புது வண்டிக்கு வாழை மரம் கட்டித் தேங்காய் உடைத்தார்கள். அது லேட்டானால் பேப்பரில் வரும். ஏழே முக்கால் வண்டி லேட்டானால் எதிலும் வராது.

புது வண்டியின் நேரமும் ஏழே முக்காலை ஒட்டித்தான். அது வந்து, ஏற்றி, கிளம்பி, அடுத்த ஸ்டேஷனைத் தாண்டும் வரை லோக்கல் ஹோம் சிக்னலில் நிற்கும். ஹோம் சிக்னல் என்பது ஸ்டேஷனுக்குள் வரலாம் என்று வண்டிக்குச் சொல்கிற சிக்னல். பிளாட்பாரம் முனையில் நின்றால் எனக்கு நன்றாகத் தெரியும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், சில நாள் இருபது. உள்ளே வந்த நேரம்தான் ஸ்டேஷன் புத்தகத்தில் ஏறும். வெளியே நின்ற நேரத்துக்கு எங்கள் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

மூன்றாம் நாளே போன் வந்தது. சிக்னலில் நிற்கிற வண்டிக்குள் இருந்து மல்லிகா.

“ஏனுங்க, இன்னும் எத்தன நேரமுங்க?”

“கண்ட்ரோல்ல சொல்லோணும்.”

“அவுங்ககிட்டச் சொல்லுங்க, உள்ள ஆளுக இருக்கறாங்கன்னு.”

“அவங்களுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா நிறுத்தறாங்க? அப்ப உங்க சம்சாரம் உள்ள இருக்குதுன்னு சொல்லிப் பாருங்க. சிரிக்கவாச்சும் செய்வாங்க.”

பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் நாலு பேர் வண்டியில் இருந்து கீழே குதித்தார்கள். ஜல்லி மேல் நடந்து, கூட்ஸ் ஷெட் பின்னால் இடிந்த சுவர் வழியாகப் பிளாட்பாரத்துக்கு வந்து, நின்றிருந்த புது வண்டியில் ஏறினார்கள். டிக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான். எட்டு மணிக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். தண்டவாளத்தில் யார் இறங்கினாலும் உடனே மாஸ்டரிடம் சொல்ல வேண்டியது என் வேலை. சொல்லவில்லை. நாலு பேரில் ஒருத்தி மல்லிகா.

வீட்டில் சொன்னேன். “உள்ளயே உக்காரோணும். கல்லுல நடக்கறது ஆவாது.”

“உக்காந்தா மிசினு போயிரும். நீங்க சிக்னலக் குடுங்க, நான் உக்காந்துக்கறேன்.”

மறுநாளும் ஆறு மணிக்கு டூட்டிக்குப் போனேன்.

ஒரு மாதத்தில் பாதி வண்டி இறங்கியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிபன் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. வடக்கே இருந்து வந்த பையன்கள் முதலில் குதித்து மற்றவர்களுக்குக் கை கொடுப்பார்கள். “உத்ரோ அக்கா, உத்ரோ” என்பார்கள், இறங்குங்கள் என்று. எங்கள் ஊர்ப் பெண்களும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். நான் கொடியைப் பார்ப்பேன்.

செல்வராஜ் சாருக்குத் தெரியுமா? அவர் அறையின் ஜன்னல் வேறு பக்கம். ஆனால் தெரியும் என்றுதான் நினைத்தேன். தெரிந்து சும்மா இருக்கிறார், ஒரு நாள் என் தலையில் கட்டுவார் என்று நினைத்தேன். காலையில் அவர், வண்டி நிற்கிற இடத்தை விளக்கில் காட்டும் பேனல் முன்னால் உட்கார்ந்து பென்சிலால் ஏதோ குறிப்பதைப் பார்ப்பேன். நான் உள்ளே போனால் சீட்டை மேஜை டிராயருக்குள் போடுவார்.

அப்போதுதான் மூன்று பேர் எண்ண வந்தார்கள். பிளாட்பாரத்தில் தள்ளித் தள்ளி நின்றார்கள். கையில் அட்டை. எந்த வண்டியில் எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணினார்கள். எதற்கு என்று ஒருவரிடம் கேட்டேன்.

“சும்மாதான், வழக்கமா எடுக்கறது.”

சும்மா யாரும் மூன்று நாள் பிளாட்பாரத்தில் நிற்க மாட்டார்கள். எனக்குப் பொறி தட்டியது. ஆனால் என்னவென்று தெரியவில்லை. தெரியாததைச் சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

வண்டி ஆட்களுக்கு அது வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. புது வண்டியில் கூட்டம் என்று எழுதிக்கொண்டு போனால் பெட்டி சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் வழக்கமாக உள்ளேயே உட்காருகிறவர்கள்கூட இறங்கினார்கள். மல்லிகாதான் பெட்டி பெட்டியாகச் சொன்னாளாம்.

“எறங்குங்க அம்மிணி. எண்ணறாங்க. நாம எத்தன பேருன்னு அவுங்களுக்குத் தெரியட்டும்.”

புது வண்டியில் மூச்சு விட இடமில்லை. அது போன பிறகு ஏழே முக்கால் வண்டி காலியாக உள்ளே வந்தது. எண்ணுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுல படுத்துட்டே போலாம் போலிருக்கு. யாருக்கு ஓட்டறீங்க இந்த வண்டிய?”

நான் கடைசிப் பெட்டியின் பெருக்கல் குறியைப் பார்த்தேன். உள்ளே போய், “வண்டி முழுசா வந்துருச்சுங்க” என்றேன்.

மூன்றாம் நாள் ராசாத்தி என்று ஒரு பெண், செக்கிங்கில் வேலை, ஜல்லியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வீட்டில் விழுந்ததாகச் சொன்னாள். எல்லோரும் அப்படியே சொன்னார்கள். இருந்தாலும் விஷயம் மேலே போய்விட்டது. ஒரு காகிதம் வந்தது. அந்த ஸ்டேஷனில் தண்டவாளத்தில் ஆட்கள் நடக்கிறார்களாமே, யார் டூட்டி, ஏன் தகவல் இல்லை என்று.

அது வந்த மறுநாள் பகலில் செல்வராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். டிராயரில் இருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாம் பென்சில் எழுத்து.

“பாருங்க அண்ணாச்சி. லோக்கல் சிக்னலுக்கு வந்து நின்ன நேரம். நான் உள்ள எடுத்த நேரம். ஒரு நாள் விடல.”

நான் தொடவில்லை.

“அவங்க எண்ணுனது தப்பு. எண்ணுன எடம் தப்பு. ஜனம் சிக்னல்லயே எறங்கிருதுல்லா? இவங்க பிளாட்பாரத்துல நின்னு எண்ணிட்டுப் போறாங்க. இந்த வண்டிய எடுத்துருவாங்க அண்ணாச்சி.”

“அதுக்கு நான் என்னங்க செய்யோணும்?”

“இது என் எழுத்து மட்டுந்தான். எதுலயும் ஏறாத எழுத்து. கண்ணால பாத்தவன் ஒருத்தன் கையெழுத்து வேணும். ஜனம் எறங்குதத நீங்க பாத்தத எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்புதேன்.”

மின்விசிறி ஓடியது. நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். பென்சில். இன்று ஒன்று இருக்கும், நாளை ஒன்று இருக்கும். கீழே என் கையெழுத்து மட்டும் பேனாவில் இருக்கும். நேற்றுத்தான் காகிதம் வந்திருக்கிறது, யார் டூட்டி என்று கேட்டு. இன்று இவர் பார்த்தேன் என்று எழுதச் சொல்கிறார். பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பது. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

“எறங்குறத நான் பார்க்கலீங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். 

“உங்க சம்சாரம் இதுலதான போறாங்க?”

மிரட்டுகிறார் என்று நினைத்தேன். “பார்க்கலீங்க” என்று மறுபடியும் சொன்னேன்.

“சரி அண்ணாச்சி. பாக்கலைன்னா பாக்கல.”

ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டார். சீட்டுக் கட்டை அவர் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அது அங்கே எடுபடவில்லை. தண்டவாளத்தில் ஆள் இறங்கியதாக எந்தப் பணியாளரும் சொல்லவில்லை, ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. கேட்ட விளக்கத்துக்கும் அவரே பதில் எழுதினார். என் பெயர் அதில் இல்லை. பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. வழக்கமான மாறுதலா, இல்லையா, எனக்குத் தெரியாது. போகிற அன்று என்னிடம் கை கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

புது நேரப் பட்டியலில் ஏழே முக்கால் வண்டி இல்லை. பயணிகள் குறைவு என்று ஒன்பதரைக்குத் தள்ளிவிட்டார்கள். புது வண்டி எங்கள் ஊர் வழியாக வராது, அதன் பாதை வேறு. வழியில் உள்ள ஏழு ஊருக்கும் எட்டரைக்குள் திருப்பூர் போக ரயில் இல்லை. கம்பெனி பஸ் வருகிற ஊர்க்காரர்கள் தப்பித்தார்கள். எங்கள் ஊருக்கு அது வராது. மல்லிகா இரண்டு பஸ் மாறிப் போனாள். பாலத்து நெரிசலில் பஸ் நிற்கும். மூன்று வாரம் முட்டி மோதினாள். நாலாவது வாரம் அவள் மெஷினில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் நல்ல பெண், இவளைப் பார்த்ததும் எழுந்தாளாம். சூப்பர்வைசர் உட்காரச் சொல்லிவிட்டாராம். அதோடு மல்லிகா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு வருடம் நான் அவளிடம் சொல்லவில்லை. செல்வராஜ் சார் மேல் சந்தேகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் முழுசாகப் போகவில்லை. சந்தேகம் வேலையில் நல்லது. வண்டி முழுசாக வந்ததா என்று சந்தேகப்பட்டதால்தான் முப்பத்து மூன்று வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் வந்தேன். ஆனால் அன்று நான் சந்தேகப்பட்டது அவரை இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு என்ன ஆகும் என்று பார்த்தேன். அதற்குப் பெயர் வேறு.

மஞ்சள் கல் நட்ட அன்று, சங்கத்தில் இருந்து வந்த பிறகு சொன்னேன். மல்லிகா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மாஸ்டரு எழுதித் தரச்சொல்லிக் கேட்டாருங்களா?”

“கேட்டாரு.”

“வண்டி நிக்கட்டும்னா கேட்டாரு?”

“வண்டி ஓடட்டும்னுதான்.”

“நீங்க?”

“பார்க்கலன்னு சொல்லிட்டேன்.”

முறம் நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை.

“என்னையுமாங்க பார்க்கல?” என்றாள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இந்தப் புதுப் பாதைக்கும் எண்ண வருவார்கள். வருகிறவர்களிடம் எந்த இடத்தில் நின்று எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டு பாதையும் எங்கே சேருகிறது என்று கேளுங்கள். டீ குடித்தால் விடாதீர்கள். வேலையில் இருக்கிறவர்கள், நீங்கள் பார்த்ததை யாராவது எழுதித் தரச் சொன்னால் எழுதிக் கொடுங்கள். பென்சிலா பேனாவா என்று பார்க்காதீர்கள்.

நான் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. அதை இந்த மலரில் கொடுக்கிறேன். மேலே யாராவது படித்தால் படிக்கட்டும்.

பார்த்தேன். காலை ஏழே முக்கால் லோக்கல் எங்கள் ஸ்டேஷன் ஹோம் சிக்னலில் நின்றது. நான் பிளாட்பாரம் முனையில் பச்சைக் கொடியோடு டூட்டியில் இருந்தேன். வண்டியில் பாதிப் பேருக்கு மேல் இறங்கி நடந்தார்கள். எண்ணிய மூன்று நாளும் அதைவிட அதிகம் பேர் இறங்கினார்கள். வண்டி உள்ளே வரும்போது காலியாக வந்தது. சிக்னலுக்கு வந்தபோது அது காலி வண்டி இல்லை. மூன்றாவது பெட்டியில் இருந்து என் மனைவி மல்லிகா இறங்கினாள். கால் சறுக்கி, கையை ஊன்றி எழுந்து, நான் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன். அதற்கு முன்னால் அவளைப் பார்த்தேன்.